ஆகாய அளவையும் இளம் விமானியும்

(சங்கக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)

 

"விமானி" என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றும் உருவம் எது? தோளிலே பொன்னிறப் பட்டிகள் மின்ன, கையிலே பெட்டியுடன், நிமிர்ந்த நடையாய் விமான நிலையத்திலே செல்லும் ஓர் உத்தியோகத்தர். அவர் பின்னே நூற்றுக்கணக்கான பிரயாணிகள். இன்று கொழும்பு, நாளை இலண்டன், மறுநாள் சிட்னி. நம் வீட்டுச் சிறுவர்கள் பலர் இந்த உருவத்தைப் பார்த்தே "நானும் விமானி ஆவேன்" என்று சொல்லுகின்றார்கள். அதில் தவறில்லை.

ஆனால், இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விமானி வேறொருவர். அவருடைய விமானத்திலே பிரயாணிகள் இல்லை. இரண்டு பேர் மாத்திரமே இருக்கின்றனர்: ஒருவர் விமானி, மற்றவர் கமெராவை இயக்குபவர். காலையிலே எங்கிருந்து புறப்படுகின்றாரோ, ஐந்தாறு மணி நேரத்தின் பின் அங்கேயே திரும்பி வந்து இறங்குகின்றார். இடையிலே போய்ச் சேர்ந்த ஊர் ஒன்றுமில்லை. வானத்தில் ஒரு நேர்கோட்டிலே போய், திரும்பி, பக்கத்துக் கோட்டிலே வந்து, மீண்டும் திரும்பி, மீண்டும் போய்... இதுவே அவர் தொழில். இதற்கு ஆகாய அளவை என்று பெயர். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே விமானப் பயிற்சி முடித்துப் புதிதாக அனுமதிப்பத்திரம் பெற்ற இளைஞர், யுவதிகள் பலருக்கு முதன்முதலிற் கிடைக்கும் உத்தியோகங்களுள் இதுவும் ஒன்று.

இப்பணியின் வரலாறு சுவையானது. 1858 ஆம் ஆண்டிலே, நதார் என்ற புனைபெயர் பூண்ட பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஒருவர் பாரிஸ் நகரருகே பலூன் ஒன்றில் ஏறி, மேலிருந்து பூமியைப் படம் பிடித்தார். அப்படங்கள் இன்று இல்லை. 1860 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்தை அவ்வாறே பலூனிலிருந்து ஜேம்ஸ் வலஸ் பிளாக் என்பவர் பிடித்த படமே, இன்று எஞ்சியுள்ள வான்படங்களுள் மிகப் பழையது. 1914 இல் தொடங்கிய முதலாம் உலக யுத்தத்திலே பகைவரின் பதுங்குகுழிகளைக் காண்பதற்காக வேகமாக வளர்ந்த இக்கலை, யுத்தம் முடிந்தபின் சமாதானப் பணிக்குத் திரும்பியது. ஷேர்மன் பெயார்சைல்ட் என்னும் அமெரிக்கர் 1921 இல் நியூ யோர்க்கின் மன்ஹற்றன் தீவு முழுவதையும் ஆகாயத்திலிருந்து பிடித்த படங்களை ஒன்றோடொன்று பொருத்தித் தேசப்படமாக்கினார். படம் பிடிப்பதற்கு ஏற்ற விமானம் கிடைக்கவில்லையென்று கண்டு, 1926 இல் அதற்கெனவே ஒரு விமானத்தையும் கட்டுவித்தார்.

ஆகாயத்திலிருந்து படம் பிடித்தால் அது தேசப்படம் ஆகிவிடுமா? ஆகாது. அதற்கு ஒரு முறை உண்டு. நமது ஊர்களிலே கிடுகு வேய்வதைப் பார்த்திருக்கின்றீர்கள். ஒரு கிடுகின் ஓரத்தை மறு கிடுகின் ஓரத்தோடு முட்டவைத்து யாரும் வேய்வதில்லை. ஒன்றின்மேல் ஒன்று பாதிக்குமேல் ஏறிக் கிடக்கவேண்டும். பக்கத்து வரிசையும் சற்றே ஏறவேண்டும். இல்லையேல் முதல் மழையிலேயே வீடு ஒழுகும். வான்படமும் இப்படியே. ஒரே கோட்டில் எடுக்கப்படும் அடுத்தடுத்த படங்கள் வழக்கமாக நூற்றுக்கு 60 வீதம் ஒன்றையொன்று மூடவேண்டும். பக்கத்துக் கோட்டுப் படங்களோடு ஏறக்குறைய 30 வீதம் மூடவேண்டும்.

இவ்வளவு மூடுவது ஏன்? உங்கள் பெருவிரலை முகத்தின் முன்னே நீட்டி, முதலில் ஒரு கண்ணாலும் பின்னர் மறு கண்ணாலும் பாருங்கள். விரல் இடம் பெயர்வதுபோலத் தோன்றும். இரு கண்களும் இரு இடங்களிலிருந்து பார்ப்பதனாலேயே நமக்குத் தூரமும் ஆழமும் தெரிகின்றன. அதுபோல, ஒரே மலையை இரண்டு இடங்களிலிருந்து எடுத்த இரு படங்கள் இருந்தாற்றான் அம்மலையின் உயரத்தைக் கணிக்க முடியும். விமானம் முன்னேறிச் செல்லச்செல்ல, அது ஓர் இராட்சதனின் இரண்டு கண்களாகின்றது.

ஒரு சிறு கணக்கும் சொல்லுகின்றேன். பௌதிகம் படிக்கும் நண்பர்கள் மனத்திலே போட்டுப் பார்க்கலாம். பிலிம் வழங்கிய காலத்திலே பெரும்பாலும் உபயோகிக்கப்பட்ட அளவைக் கமெராவின் குவியத்தூரம் 152 மில்லிமீற்றர்; படத்தின் பக்கம் 23 சென்ரிமீற்றர். நிலத்திலிருந்து 3,040 மீற்றர் உயரத்திலே பறந்தால், படத்தின் அளவுத்திட்டம் 20,000 இல் ஒன்று. ஒரு படம் பக்கத்துக்கு 4.6 கிலோமீற்றர் நிலத்தைக் காட்டும். 60 வீதம் மூடவேண்டுமாகையால் 1.84 கிலோமீற்றருக்கு ஒரு படம். மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்திலே சென்றால், ஏறக்குறைய 37 செக்கனுக்கு ஒரு முறை கமெரா கண் சிமிட்டும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் 3.22 கிலோமீற்றர். இன்று பிலிம் போய் எண்முறைக் கமெராக்கள் வந்துவிட்டன. கணக்கின் அடிப்படை மாறவில்லை.

இந்த இடத்திலேதான் விமானியின் வேலை ஆரம்பமாகின்றது. நல்ல உழவன் முதற் சாலை நேராக விட்டானாயின், அடுத்த சால்களெல்லாம் அதனைப் பார்த்து நேராக விழும். ஆனால், உழவனின் காலுக்குக் கீழே மண் அசையாது கிடக்கின்றது. விமானியின் வயலோ காற்று. அது எப்பொழுதும் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கின்றது. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திலே பக்கக் காற்று வீசினால், சும்மாயிருந்த விமானி ஒரே நிமிஷத்தில் 500 மீற்றர் கோட்டைவிட்டு விலகிப்போவார். ஆகையால் நீரோட்டத்தைக் குறுக்கே கடக்கும் தோணிக்காரர் அணியத்தை ஓட்டத்துக்கு எதிராகச் சற்றே திருப்பிப் பிடிப்பதுபோல, விமானியும் விமானத்தின் மூக்கைக் காற்றை நோக்கி ஏறக்குறைய 10 பாகை திருப்பிவைத்துப் பறக்கவேண்டும். விமானம் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு இன்னொரு பக்கம் போகும்! கமெராவைத் தாங்கும் தட்டு அந்தப் பாகையளவு மறுபக்கம் திருப்பப்படும்.

கோட்டிலே நிற்பது மட்டும் போதாது. சிறகு ஒரேயொரு பாகை சரிந்தால், 3,000 மீற்றர் உயரத்திலே கமெராவின் பார்வை நிலத்தில் ஏறக்குறைய 52 மீற்றர் விலகிவிடும். இக்காலத்திலே செய்மதிகளின் துணைகொண்டு இடமறியும் கருவி, கோட்டிலிருந்து எத்தனை மீற்றர் விலகினோம் என்பதை விமானியின் கண்முன்னே காட்டிக்கொண்டேயிருக்கும். அதற்காகக் கோட்டின் முடிவிலே திரும்பும்போதுகூட விமானத்தை அதிகம் சரிக்கலாகாது. சரித்தால் கருவி செய்மதிகளைக் காணாது இழந்துவிடும். ஆகவே திரும்புவதும் மெல்ல, அளவோடு. பல விமானங்களிலே தானாகச் செலுத்தும் பொறியும் உண்டு. ஆயினும் பொறியைக் கண்காணிக்கும் மனிதன் உறங்கலாகாதல்லவா?

இனி, சூரியன். நிழல் நீண்டால் படம் கெடும். ஆகையால் சூரியன் அடிவானத்துக்கு மேலே 30 பாகையாவது ஏறியிருக்கவேண்டுமென்பது வழக்கமான நிபந்தனை. யாழ்ப்பாணத்திலே மார்கழி மாதத்து நண்பகலிற்கூடச் சூரியன் ஏறக்குறைய 57 பாகை உயரத்தில் நிற்கின்றது. 45 பாகை அகலக்கோட்டிலுள்ள அமெரிக்க மாகாணங்களிலோ, அதே நாளில் நண்பகலில் 22 பாகையைக்கூட எட்டுவதில்லை. அன்று முழுவதும் படம் பிடிக்க இயலாது. முகில் இருக்கலாகாது, முகிலின் நிழலும் நிலத்தில் விழலாகாது. நிலத்தின் மேடுபள்ளத்தை அறியவேண்டுமாயின், பனி உருகியபின், மரங்கள் தளிர்க்குமுன், சில வாரங்களே உண்டு. பயிரைக் காணவேண்டுமாயின் பயிர் நிற்கும் பருவத்திலே போகவேண்டும். அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2003 முதல் நாட்டின் விளைநிலங்களைப் பயிர் வளரும் பருவத்திலேயே படம் பிடிப்பித்து வருகின்றது.

எனவே, இந்த விமானியின் வாழ்க்கை காத்திருப்பதும் ஓடுவதுமாகக் கழிகின்றது. அறிமுகமில்லாத சிறு பட்டினமொன்றிலே, வாடகை அறையிலே, வாரக்கணக்காக முகில் விலகுமாவென்று பார்த்திருப்பார். ஒரு நாள் வானம் கண்ணாடிபோல் தெளியும். அன்று விடியுமுன் எழுந்து, எண்ணெயும் எந்திரமும் பரிசோதித்து, வெயில் ஏறும்போது முதற் கோட்டின் தலைப்பிலே நிற்கவேண்டும். நாளையும் தெளிவு, மறுநாளும் தெளிவு. அப்பொழுது ஓய்வு என்பதே இராது.

நண்பர்களே, இவ்வளவு பொறுமை வேண்டிய தொழிலுக்கு அனுபவமிக்கவர்களை வைக்காது புதியவர்களை வைப்பது ஏன்? காரணம் இதுதான். அமெரிக்காவிலே சம்பளம் பெற்றுப் பறப்பதற்குரிய அனுமதிப்பத்திரத்தைப் பெரும்பாலும் 250 மணி நேரம் பறந்த ஒருவர், 18 வயது நிரம்பியிருந்தால், பரீட்சையிற் சித்தியடைந்து பெறலாம். ஆனால் 2013 முதல், பிரயாணிகளை ஏற்றும் பெரிய விமானக் கம்பனிகளிலே துணை விமானியாவதற்குக்கூடப் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். விமானத்துறையிலே பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்களுக்கும், இராணுவத்திலே பறந்தவர்களுக்கும் மாத்திரம் இதிற் சிறிது சலுகை உண்டு. இந்த 250 க்கும் 1,500 க்கும் இடையிலே ஒரு பெரும் பள்ளம் இருக்கின்றது. பெருந்தொகைப் பணம் செலவிட்டுப் பயின்ற இளைஞன் இப்பள்ளத்தை எவ்வாறு கடப்பது? சிலர் மற்றவர்களுக்குப் பறக்கக் கற்பிக்கின்றனர். சிலர் விளம்பரச் சீலையை விமானத்தின் பின்னே கட்டி இழுக்கின்றனர். சிலர் ஆகாய அளவைக்கு வருகின்றனர்.

இந்தச் சட்டம் பிறந்த கதையை நாம் அறியவேண்டும். 2009 ஆம் ஆண்டு பெப்ரவரி 12 ஆந் திகதி இரவு, நியூ யோர்க் மாகாணத்தின் பஃபலோ நகரத்தை அணுகிக்கொண்டிருந்த பிரயாணிகள் விமானமொன்று வேகம் குறைந்து, தூக்கும் சக்தியை இழந்து, வீடொன்றின்மேல் வீழ்ந்தது. விமானத்திலிருந்த 49 பேரும், வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டனர். "வேகம் குறைகின்றது" என்று விமானம் எச்சரித்தபோது, மூக்கைத் தாழ்த்தவேண்டிய தலைமை விமானி அதனை உயர்த்தினார் என்று விசாரணை கண்டது. விமானிகளின் களைப்பும் அங்கே ஆராயப்பட்டது. மாண்டவர்களின் குடும்பத்தினர் ஓயாது முயன்றதன் பயனாக 2010 இல் சட்டம் இயற்றப்பட்டது. 1,500 மணி விதி அதன்வழி வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தலைமை விமானி அதற்கு முன்னரே 3,300 மணிக்கு மேல் பறந்தவர். துணை விமானியும் 2,200 மணிக்கு மேல் பறந்தவர். புதிய விதி அன்றே இருந்திருந்தாலும் அவ்விருவரும் அதனை எளிதிற் கடந்திருப்பர்! ஆகவே, விதி பயனற்றது என்று சிலர் வாதிக்கின்றனர். வேறு சிலர், புதியவர்களை உடனே பிரயாணிகளோடு அனுப்பாமல் தடுப்பதே ஒரு நன்மைதானே என்கின்றனர். இரு கட்சியிலும் நியாயம் உண்டு. எனது அபிப்பிராயம் இது: மணியை எண்ணலாம், மணிக்குள்ளே கற்றதை எண்ண முடியாது. சட்டம் எண்ணக்கூடியதைத்தான் கேட்கும். எண்ண முடியாததை அவனவனே தன்னிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

அளவை விமானிக்கு இக்கேள்வி மிகவும் பொருந்தும். அவர் ஐந்து மணி நேரம் நேர்கோட்டிலே பறக்கின்றார். "இதில் கற்பதற்கு என்ன இருக்கின்றது? மணி ஏறினாற் போதும்" என்று இருந்துவிடலாம். விமானிகளிடையே ஓர் ஏளனச் சொல் உண்டு: பறக்காத மணியைப் புத்தகத்தில் எழுதிக்கொள்பவரைப் "பார்க்கர் பேனாவிலே பறந்தவர்" என்பார்கள். பேனாவினாற் பறப்பது பெருங்குற்றம், யாவரும் அறிவர். ஆனால், உண்மையாகவே விமானத்தில் உட்கார்ந்திருந்தும் மனம் அங்கே இல்லாமற் போக்கிய மணியும் ஏறக்குறைய அத்தகையதே அல்லவா?

கற்க விரும்புபவருக்கு அந்த நேர்கோட்டிலே வேண்டியது இருக்கின்றது. காற்று எப்படி உயரத்துக்கு உயரம் மாறுகின்றது, எரிபொருளை எப்படிக் கணக்கிட்டுச் செலவிடுவது, முகில் எப்பொழுது திரளும், பரபரப்பான விமான நிலையத்தின் அருகே கோடு சென்றால் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் றேடியோவில் எவ்வாறு சுருக்கமாகப் பேசி வழி கேட்பது, அவர் மறுத்தால் எப்படிப் பொறுத்துக் காத்திருப்பது ஆகிய யாவும் அங்கே கிடைக்கும். அதேவேளை, கிடைக்காதவையும் உண்டு. தெளிந்த வானத்திலேயே பறப்பதால் முகிலுக்குள்ளே கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பழக்கம் குறையும். ஒரு நாளைக்கு ஒரு முறையே இறங்குவதால் தரையிறங்கும் பழக்கமும் அதிகம் வளராது. விவேகமுள்ளவர் இக்குறையை அறிந்து, ஓய்வு நேரத்திலே அதற்கெனத் தனிப் பயிற்சி செய்துகொள்வார். அறியாதவர் 1,500 ஐ எட்டியவுடன் நிறைந்துவிட்டதாக எண்ணுவார்.

இப்பொழுது நான் மிக முக்கியமெனக் கருதும் விஷயத்துக்கு வருகின்றேன். 2014 சனவரி முதல், பிரயாணிகள் கம்பனி விமானிகள் ஒரு நாளைக்கு எத்தனை மணி வேலைசெய்யலாம், எத்தனை மணி ஓய்வு பெறவேண்டும் என்பதற்கு அமெரிக்காவிலே புதிய கண்டிப்பான விதிகள் நடைமுறைக்கு வந்தன. அந்த விதிகள் ஆகாய அளவை விமானியைக் காப்பதில்லை. பத்து நாள் தொடர்ந்து வானம் தெளிந்திருந்தால், பத்து நாளும் பற என்று முதலாளி சொல்லலாம். "இன்னும் இரண்டே கோடுகள், முடித்துவிட்டு வா" என்று சொல்லலாம். பக்கத்திலே பயின்றவர்கள் வேலைக்குக் காத்திருக்கின்றார்கள் என்பதும் அந்த இளைஞனுக்குத் தெரியும்.

ஆனால் அதே நாட்டுச் சட்டத்திலே இன்னொரு வாசகமும் உண்டு. விமானத்தின் தலைமை விமானியே அதன் இயக்கத்துக்கு நேரடிப் பொறுப்பாளி. இறுதி அதிகாரமும் அவருடையதே என்பது அதன் கருத்து. அவருக்கு 22 வயதாக இருக்கலாம். முதலாளிக்கு 60 வயதாக இருக்கலாம். நிலத்திலே யார் பெரியவர் என்பது வேறு. இந்த விமானம் இன்று பறக்கலாமா என்பதைத் தீர்மானிப்பவர் அந்த 22 வயதுக்காரரே. பின்னாசனத்திலே கமெராவை இயக்குபவருக்கு விமானம் செலுத்தத் தெரியாது. விமானி கண்ணயர்ந்தால் அவர் உயிரும் போகும். ஆகவே, "இன்று என்னால் முடியாது, நான் களைத்திருக்கின்றேன்" என்ற நான்கைந்து சொற்களைச் சொல்வதற்கு வேண்டிய தைரியம், புயலிலே பறக்கும் தைரியத்திலும் பெரிது என்பேன். புயலிலே பறந்தவனைப் பத்துப் பேர் புகழ்வர். பறக்க மறுத்தவனைப் புகழ்பவர் யார்? அவன் மறுத்ததனால் நிகழாமற் போன விபத்தை எவரும் காணப்போவதில்லையே!

பெரியோர்களே, இதனைச் சொல்லும்போது என் மனத்திலே ஒரு தயக்கம் உண்டாகின்றது. பெரியோர் சொல்லைத் தட்டாதே என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அவ்வளர்ப்பு நல்லதே; அதனை நான் பழிக்கவில்லை. ஆயினும், பொறுப்பை ஒருவன் தலையிலே வைத்தபின், அவன் வாயையும் கட்டிவிடலாகாது. வேலையறிந்த இளையவன் ஒருவன் மரியாதையோடு "முடியாது" என்று சொல்லும்போது, அதனை எதிர்ப்பேச்சாகக் கொள்ளாமல் ஒரு செய்தியாகக் கொள்ளுமாறு உங்களை வேண்டுகின்றேன். இளைஞர்களுக்கும் ஒன்று: சோம்பலுக்குக் களைப்பு என்று பெயரிட்டால், உண்மையாகக் களைத்த நாளில் உங்களை நம்புவார் இல்லை. "முடியாது" என்று சொல்லும் உரிமை, மற்ற நாளெல்லாம் முடித்துக் காட்டியவனுக்கே உரியது.

உயரத்திலே ஒட்சிசன் குறைவதும் இத்தொழிலின் மற்றோர் ஆபத்து. 12,500 அடிக்கு மேலே அரை மணிக்குமேல் தங்குவதானால் விமானி ஒட்சிசன் உபயோகிக்கவேண்டும்; 14,000 அடிக்கு மேலே எந்நேரமும் உபயோகிக்கவேண்டும் என்பது அமெரிக்க விதி. ஒட்சிசன் குறைந்தவனுக்கு வலி தோன்றாது. தான் மிகத் திறமையாகவே செய்வதாகத் தோன்றும். ஆணவம் போன்ற நோய் அது!

1933 ஏப்பிரல் 3 ஆந் திகதி, இந்தியாவின் பீகார் மாகாணத்துப் பூர்ணியா அருகேயிருந்து புறப்பட்ட இரண்டு விமானங்கள் முதன்முதலாக எவரெஸ்ற் சிகரத்துக்கு மேலே பறந்தன. உலகம் முழுவதும் புகழ்ந்தது. அப்பிரயாணத்திலே படம் பிடித்த ஒருவர், ஒட்சிசன் குழாய் வெடித்து மயங்கி வீழ்ந்து, தெய்வாதீனமாகப் பிழைத்தார். ஆனால், அப்பிரயாணத்தின் நோக்கங்களுள் ஒன்று அளவைக்குரிய படங்களை எடுப்பது. கீழே தூசிப் புகார் மூடியிருந்தமையால் அவ்வேலை அன்று திருப்தியாக முடியவில்லை. ஆகவே ஏப்பிரல் 19 இல் இரண்டாம் முறை பறக்கவேண்டியதாயிற்று. சிகரத்தை முதலிற் கடந்த நாளை யாவரும் நினைவுகூர்வர். விடுபட்ட படத்துக்காக மீண்டும் சென்ற நாளை நினைப்பவர் சிலரே. அளவை விமானியின் நாட்களெல்லாம் இந்த இரண்டாம் நாளைப் போன்றவை.

இதனால் உலகத்துக்கு விளையும் பயன் என்ன? நம் நாட்டையே எடுத்துக்கொள்வோம். கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா உதவ, 1956 இல் இலங்கை ஆகாயத்திலிருந்து படம் பிடிக்கப்பட்டது. அப்படங்களைக்கொண்டு நாட்டின் காடுகள் கணக்கிடப்பட்டன. ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் மண்ணும் நீரும் நிலப்பயனும் ஆராயப்பட்டன. அன்று அந்தக் கோடுகளிலே பறந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால், 1956 இல் எந்த இடத்திலே காடு நின்றது, எங்கே குளம் இருந்தது என்று இன்று கேட்பவருக்கு அவர்கள் எடுத்த படங்களே சாட்சி.

இன்று கமெராவோடு லேசர்க் கருவியும் சேர்ந்துள்ளது. விமானத்திலிருந்து ஒளித்துடிப்பை நிலத்துக்கு அனுப்பி, அது திரும்பிவர எவ்வளவு நேரம் செல்கின்றதென்று அக்கருவி கணிக்கும். 1,500 மீற்றர் உயரத்திலிருந்து போய் மீள்வதற்கு, ஒரு செக்கனை ஓர் இலட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரமே செல்லும். செக்கனுக்கு இலட்சக்கணக்கான துடிப்புகள் செல்லுகின்றமையால், இலைகளின் இடைவெளியாலே சில நிலத்தைத் தொட்டு மீளும். கணினியிலே மரங்களை அகற்றிவிட்டு மண்ணை மட்டும் காணலாம்.

இந்துக்களாகிய நாம் பெருமையோடு நினைக்கும் அங்கோர் வாட் கோயில் கம்போடியாவிலே இருக்கின்றது. 12 ஆம் நூற்றாண்டிலே திருமாலுக்கென எழுப்பப்பட்டது. 2012 இல் ஹெலிகொப்டர் ஒன்றிலே லேசர்க் கருவியைப் பொருத்தி அப்பிரதேசத்தின் மேலே கோடு கோடாகப் பறந்தனர். கோயிலைச் சூழ்ந்த காட்டின் கீழே வீதிகளும் குளங்களும் குடியிருப்பு மேடைகளும் ஒழுங்காக அமைந்திருந்தமை தெரிந்தது. அங்கிருந்து வடக்கே குலென் மலையிலே, மகேந்திரபர்வதம் என்று கல்வெட்டுக்களிலே பெயர் காணும் பழைய நகரத்தின் தெருவமைப்பும் வெளிப்பட்டது. நூற்றாண்டுகளாகக் காடு மூடியிருந்த நகரத்தைக் கோடு தவறாமற் பறந்தவர்களின் பொறுமை வெளியே கொண்டுவந்தது.

"செய்மதி இருக்கின்றதே, ஆளில்லா விமானம் இருக்கின்றதே, இனி இத்தொழில் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். செய்மதி மிக உயரத்திலே செல்வது. முகில் மூடிய நாளில் அது கடந்துபோனால் படம் இல்லை. மிக நுண்ணிய படத்துக்கு விமானமே நிலத்துக்கு அண்மையிலுள்ளது. ஆளில்லாச் சிறு விமானம் ஒரு தோட்டத்துக்கோ கட்டடத்துக்கோ சாலப் பொருத்தம். ஒரு மாகாணம் முழுவதையும் மூடுவதற்கு அது போதாது. நாளை என்ன வருமோ, அது நாளை. ஆனால் எந்தக் கருவி வந்தாலும், இடைவெளி விடாமற் செய்யும் மனம் ஒன்று அதன் பின்னே இருந்தேயாகவேண்டும்.

திருநாவுக்கரசு சுவாமிகள் கையிலே உழவாரப்படை ஏந்தித் திருக்கோயில் வீதிகளிலே புல் செதுக்கினார் என்பதைச் சிறு வயது முதல் கேட்டு வருகின்றோம். பாடல் பாடத் தெரிந்த பெருமான் புல் செதுக்குவானேன் என்று யாரும் கேட்பதில்லை. அதுவும் தொண்டு என்று அறிவோம். இச்சங்கத்திலே நாம் செய்யும் பணிகளும் பெரும்பாலும் அத்தகையனவே. விழாவன்று மேடையில் நிற்பவர் சிலர். கதிரை அடுக்கியவர், கணக்கு எழுதியவர், விளக்குக்கு எண்ணெய் விட்டவர் பலர். அடுக்காமல் விட்ட ஒரு வரிசையும், எழுதாமல் விட்ட ஒரு வரியும் பிறகு எவருக்கோ இடைஞ்சலாகும்.

நம்மிலே சிலர் அடுத்த வருடம் பட்டம் பெறுவோம். சிலர் உத்தியோகத்துக்குப் போவோம். எல்லோருக்கும் நமக்கென ஒரு 250 உம், ஒரு 1,500 உம் இருக்கும். இடையிலுள்ள வருடங்களை வெறும் ஏணியாக நினைப்பவனுக்கு அவை ஏணியாகவே இருந்து மறையும். அவற்றையே தன் வேலையாக நினைப்பவனுக்கு ஏணியும் கிடைக்கும். ஏறிய இடத்திலே நிற்கும் கால்வலியும் கிடைக்கும். எத்தனை வருடம் படித்தாய், எத்தனை வருடம் வேலை செய்தாய் என்று உலகம் கேட்கும்போது எண்ணைச் சொல்லுங்கள். அவ்வருடங்களிலே என்ன கற்றாய் என்று மனச்சாட்சி கேட்கும்போது சொல்லுவதற்கும் ஒன்று வைத்திருங்கள்.